கைப்பழக்கக் குறை

தஞ்சாவூர் நாகை ரோட்டில் இருந்த ஒரு கார் பட்டறையில் இரண்டரை வருஷம் வேலை பார்த்தேன். வண்டியைக் குறை சொல்லி வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு அரசாங்க வேலை உத்தரவுக்காகக் காத்திருந்த காலம் அது. காலையில் பூதலூரில் பாசஞ்சர் ஏறினால் ஒன்பதரைக்கு மேசையில் இருப்பேன். முன்னால் ஒரு தமிழ் டைப்ரைட்டர், இடது பக்கம் வந்த கடிதங்கள், வலது பக்கம் போக வேண்டியவை. பின்கதவைத் திறந்தால் பட்டறை. கிரீஸ் வாசனை சேலையில் ஏறி வீடு வரைக்கும் கூடவே வரும்.

முதலாளி கடலோர ஊர் ராவுத்தர். அண்ணன் தம்பிகள் எல்லாம் அக்கரையில் இருக்க, இவர் ஒருவர்தான் ஊரோடு தங்கியவர். "முன்னாடியெல்லாம் கார் வச்சிருந்தவங்க இங்கிலீஷ்ல சண்டை போட்டாங்கம்மா. இப்பத் தமிழ்ல போடறாங்க. அதுக்குத்தான் உன்னை வச்சிருக்கேன்" என்று நான் சேர்ந்த அன்றே சொன்னார். உண்மைதான். நில உச்சவரம்பு வந்து, குத்தகைச் சட்டம் வந்து, பெரிய பண்ணைகள் கலைந்துகொண்டிருந்தன. பண்ணை வீட்டுக் கொட்டகைகளில் நின்ற வெளிநாட்டுக் கார்கள் ரைஸ்மில்காரர்களிடமும், அரபு நாட்டிலிருந்து திரும்பியவர்களிடமும், டிராக்டர் வைத்திருந்தவர்களிடமும் கை மாறின. வெள்ளைக்காரன் இருந்தபோது கப்பலில் வந்த வண்டிகள். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும். ஆனால் கியர் பெட்டிக்குள் ஒரு பல் உடைந்தால் மாற்றுச் சாமான் கிடைக்காது. அதனால் பழைய பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, நம் நாட்டுக் காரின் கியர் பெட்டியைப் பொருத்திக் கொடுப்பார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் தண்டு போய், தரையிலிருந்து ஒன்று முளைக்கும். 'கியர் மாத்தறது' என்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு எங்கள் பட்டறையைத்தான் தேடி வருவார்கள்.

மாற்றின வண்டிகளில் சில திரும்பி வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டாப் கியர் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்பதுதான் பெரும்பாலும் புகார். நான் மேஸ்திரியிடம் போய்க் கேட்பேன். ராணுவப் பட்டறையில் தொழில் கற்றவர் அவர். வண்டிக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுக்காமலே பதில் சொல்வார்.

"கியர் ராடு மேல கையை வச்சிக்கிட்டே ஓட்டுறானுவ. கை வெயிட்டு உள்ள போயி அமுக்கும். பல்லு தேயாம என்ன செய்யும்? அப்படியே எழுதிவிடு."

அப்படியே எழுத எனக்கு மனசு வராது. பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கினவள் நான். அலுவலகத் தமிழ் எங்கும் பரவிக்கொண்டிருந்த நாட்களில் நானும் என் பங்குக்கு ஒரு வாக்கியம் செய்தேன். 'மேற்படி வாகனத்தின் பழுதுக்கு ஓட்டுநரின் கைப்பழக்கக் குறையே காரணம் எனத் தெரிய வருகிறது.' கைப்பழக்கக் குறை என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. முதலாளி படித்துவிட்டு, "நல்லா இருக்கே" என்றார். அதன் பிறகு டாப் கியர் புகார் எது வந்தாலும் அந்த வாக்கியம்தான் போகும். வண்டியைப் பார்த்து எழுதுகிறோமா, பார்க்காமல் எழுதுகிறோமா என்று நான் ஒரு நாளும் யோசித்தது கிடையாது.

மேட்டூர் அணை திறந்து, கல்லணைக் கால்வாயான புதாற்றில் தண்ணீர் வந்த வாரம், ஒரு காலை நேரத்தில் அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். வெள்ளை வேட்டியும் காக்கிச் சட்டையும் போட்டிருந்தார். வாசலில் ஒரு கறுத்த பழைய கார் நின்றது. என் மேசைக்கு முன்னால் நின்று, நான் எழுதின கடிதத்தை நான்கு மடிப்பிலிருந்து பிரித்து வைத்தார்.

"இதை யாருங்க எழுதினது?"

"நான்தான். முதலாளி சொல்லி எழுதினது."

விரலை வரிக்கடியில் வைத்தார். "கைப்பழக்கக் குறைன்னா என்னங்க?"

மடமடவென்று அச்சடித்த சொல்லை எதிரில் இருக்கிற ஆளிடம் வாயால் சொல்வது வேறாக இருந்தது. "கியர் தண்டு மேல கை வச்சிக்கிட்டு ஓட்டறது" என்றேன்.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியலைங்கறீங்க."

"அப்படி எழுதலீங்க."

"அப்படித்தாங்க இருக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "வேளாங்கண்ணிக்கு வேண்டுதலைக்காரங்களை வாடகைக்கு ஏத்திக்கிட்டுப் போறேன். பஸ்ஸை முந்தறப்ப கியர் தெறிச்சிருச்சு. எஞ்சின் அலறுது, வண்டி நகரல. எதுக்கால லாரி. பின்னாடி இருந்தவங்க மெழுகுவத்தியைக் கையில புடிச்சிக்கிட்டு மாதாவே மாதாவேங்கறாங்க. அதுலேர்ந்து ராடைப் புடிச்சிக்கிட்டுத்தான் ஓட்டறேன். புடிக்கலைன்னா வந்துடுது. நான் புடிச்சதால அது கெடலைங்க. அது கெட்டதால புடிக்கறேன்."

பேச்சுக் குரல் கேட்டு மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ஆளைப் பார்த்ததும், "இந்த வண்டிக்கு முன்னாடி என்ன ஓட்டினீங்க?" என்று கேட்டார்.

"டிராக்டரு."

"அதான். டிராக்டர் ஓட்டின கை. இங்கிலீஷ் வண்டி அதைத் தாங்காது."

அவர் முகம் இறுகியது. மேஸ்திரியைப் பார்க்காமல் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அறைக்குள்ளிருந்து முதலாளி எழுந்து வந்து ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். சண்டையை ஆற்றுவதற்கு அவருக்கு அது ஒரு வழி.

"ரசீது உங்க பேர்ல இல்லியே. ஒரு அம்மா பேர்ல இருக்கு."

"அவங்கதான் கியரை மாத்திக் குடுத்தாங்க. ஆர்.சி. புக்கு என் பேர்ல இருக்கு."

"இருக்கலாங்க. கியர் வேலைக்கு நாங்க உத்தரவாதம் குடுத்தது அந்தம்மாவுக்கு. அவங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுக்கட்டும், பெட்டியை இறக்கிப் பார்த்துடலாம்."

"அந்த வாசல்ல நான் போயி நிக்க மாட்டேங்க" என்றார் அவர்.

பிறகு சொன்னார். மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். அப்பா காலத்திலிருந்து அந்தம்மா வீட்டு நிலத்தில் இவர்கள்தான் குத்தகைச் சாகுபடி. சாகுபடி செய்கிறவன் பேரை எழுதவேண்டும் என்று சட்டம் வந்தபோது, அந்தம்மாவின் கணவர் கணக்குப்பிள்ளையைப் பிடித்து, அடங்கல் என்கிற சாகுபடிக் கணக்கில் தன் தம்பி பேரை எழுதவைத்துவிட்டார். உழுகிறவர் இவர், எழுத்தில் இருப்பவர் வேறு ஆள். பதினோரு வருஷம் வாய்தா, வாய்தா என்று தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் அலைந்திருக்கிறார். நடுவில் அந்தக் கணவர் இறந்துபோனார். அந்தம்மா சமரசமாகப் போகலாம் என்று ராஜிக்கு வந்தார். நிலத்தில் ஒரு பகுதி இவருக்கு. மீதிக்கு ஈடாகக் கொடுக்க அந்தம்மாவிடம் பணம் இல்லை, கொட்டகையில் கார் இருந்தது. ஓடுகிற நிலையில் காரைக் கொடுப்பது என்று பேச்சு முடிந்தது. அதற்காகத்தான் எங்கள் பட்டறையில் கியர் மாற்றினார்கள்.

"கையெழுத்துப் போட்ட அன்னியோட சரி. அவங்க என்கிட்ட பேசலை, நான் அவங்ககிட்ட பேசலை" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்த் தன் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஜன்னல் வழியாக அந்த வண்டிக்குள் பார்த்தேன். முன் சீட்டுக் கம்பியில் சைக்கிள் டியூபைக் கிழித்து ஒரு வார் கட்டியிருந்தார். அதன் மறுமுனையில் ஒரு வளையம். டாப் கியர் போட்டதும் தண்டில் அந்த வளையத்தை மாட்டி இழுத்து வைப்பார் போலிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மேசையில் உட்காரப் பிடிக்கவில்லை. கைப்பழக்கக் குறை உள்ள ஆள் எதற்கு வார் கட்டுகிறார்?

"முதலாளி, அந்தம்மாவை நான் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா? சாப்பாட்டு நேரத்துல போயிட்டு வந்துடறேன்."

முதலாளி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "போயிட்டு வா. சண்டை எதையும் இழுத்துக்கிட்டு வராதே."

அந்தம்மா கிராமத்து வீட்டை விட்டுவிட்டு மேல வீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி வெறுமையாக, மெல்லிய கரை போட்ட சேலையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ராஜியில போட்ட கையெழுத்தே கடைசின்னு நெனைச்சேன்" என்றார். "அந்தக் கடுதாசி வச்சிருக்கியா?"

பட்டறையிலிருந்த கார்பன் படியை எடுத்து வந்திருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரர் கோர்ட்டுல குடுத்த மனுவெல்லாம் இப்படித்தாம்மா இருக்கும். யாரையும் திட்டியிருக்காது. படிச்சு முடிச்சா எதிராளி மேல குறைன்னு தெரிஞ்சிரும்."

அவர் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"என்ன நோவுன்னு பார்க்காம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? வண்டியை வரச் சொல்லு. நான் ஓட்டிப் பார்க்கறேன்."

"நீங்க ஓட்டுவீங்களா அம்மா?"

"பதினாறு வருஷம் ஓட்டினேன். பொண்ணு பிரசவத்துக்கு நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். லைசென்ஸ் இன்னும் இருக்கு."

பட்டறைக்குத் திரும்பி, காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தவரிடம் சொன்னபோது, வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து என்னைப் பின்சீட்டில் ஏறச் சொன்னார். அந்தம்மா வீட்டு வாசலில் அவர் ஹாரன் அடிக்கவில்லை. நானே மாடிக்குப் போய் அழைத்து வந்தேன். அதற்குள் அவர் ஓட்டுகிற இடத்தை விட்டு இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் டியூப் வாரை அவிழ்த்து மடியில் வைத்திருந்தார்.

அந்தம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். இடது கை தன்னால் ஸ்டியரிங்குக்குக் கீழே போய்ப் பழைய கியர் தண்டைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. கையை இறக்கித் தரைத் தண்டைப் பிடித்தார்.

"எதை எங்க போடணும்?" என்று முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மேல இடது ஒண்ணு. கீழ ரெண்டு. வலது மேல மூணு, கீழ டாப்பு" என்று இவரும் முன் கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் நீ என்றோ நீங்கள் என்றோ அழைக்கவில்லை. முன்பு அவர் இவரைப் பேர் சொல்லி அழைத்திருப்பார். இவர் 'அம்மா' என்று எட்டி நின்று பேசியிருப்பார். இப்போது பழைய முறையும் பொருந்தாது, புதிதாக எதுவும் ஏற்படவும் இல்லை. ஆளைத் தொடாத வாக்கியங்களாகப் பார்த்துப் பேசினார்கள்.

புதாற்றங்கரைச் சாலையில் பூதலூர் பக்கமாகப் போனோம். இரண்டு தடவை எஞ்சின் நின்றது. மூன்றாவது தடவை வண்டி வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. நன்றாகவே ஓட்டினார். டாப் கியர் போட்டதும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். மாட்டு வண்டி ஒன்றைத் தாண்டினோம். ஒரு மைல் போயிருக்க மாட்டோம், டக்கென்று ஒரு சத்தம். தண்டு தானாக எகிறி நடுவுக்கு வந்தது. எஞ்சின் அலறியது. அந்தம்மா காலை எடுத்துவிட்டு வண்டியை மெல்ல ஓரத்தில் உருளவிட்டார்.

"கை வைக்கல" என்றார்.

"வைக்கல" என்றார் இவர்.

மறுபடி போட்டார். மறுபடி வந்தது. மூன்றாம் முறை வந்தபோது வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டார். யாரும் இறங்கவில்லை. ஆற்றில் செங்காவி நிறத்தில் புதுத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்த அந்தம்மா கேட்டார்.

"நாத்து விட்டாச்சா?"

"எங்க? நம்ம பக்கம் கடைமடை. தண்ணி வர இன்னும் எட்டு நாள் ஆகும்."

"அந்த மூலைத் தாக்குல இப்பவாவது தண்ணி ஏறுதா?"

"வாய்க்காலை வெட்டித் திருப்பிட்டேன். ஏறுது. போன சம்பாவுக்கு அதுலதான் நல்ல விளைச்சல்."

அந்தம்மா தலையை ஆட்டினார். அந்த மூலைத் தாக்கு வயல்தான் ராஜியில் இவருக்குப் போன பங்கு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தம்மா வண்டியைத் திருப்பி, மூன்றாவது கியரிலேயே பட்டறைக்கு ஓட்டி வந்தார்.

பட்டறை வாசலில் ஒரு பெண்மணி அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதைப் பார்த்து மேஸ்திரி எழுந்து நின்றார். அந்தம்மா நேரே முதலாளி முன்னால் போனார்.

"ரசீது என் பேர்லதானே இருக்கு? இப்ப நானே ஓட்டிப் பார்த்தேன். கையை ஸ்டியரிங்கை விட்டு எடுக்கல. மூணு தடவை கியர் வெளியில வந்துச்சு. நான் டிராக்டர் ஓட்டினதில்லை. என் பேரைப் போட்டு எழுதிக்குங்க."

நான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். முதலாளி மேஸ்திரியைப் பார்த்து, "நாளைக்கு இறக்கிடு" என்றார்.

மறுநாள் பட்டறைக்கு வந்ததும் நான் டைப்ரைட்டர் உறையைக்கூட எடுக்கவில்லை. பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனி எஞ்சினும் வேறு கம்பெனி கியர் பெட்டியும் நேராகச் சேராது. இரண்டுக்கும் நடுவில் கனமான ஓர் இரும்புத் தகட்டை வைத்து, இந்தப் பக்கம் இதற்கும் அந்தப் பக்கம் அதற்கும் துளை போட்டு இணைப்பார்கள். துளை மயிரிழை தள்ளிப் போனாலும் எஞ்சின் அச்சும் கியர் பெட்டி அச்சும் ஒரே கோட்டில் இருக்காது. ஓடுகிற ஓட்டத்தில் பல்லைப் பல் தள்ளிவிடும். இதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். லேத் பட்டறையிலிருந்து முள் வைத்த அளவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்து, தகட்டுக்கு எதிரே பொருத்தி, மேஸ்திரி எஞ்சினைக் கையால் சுற்றினார். முள் அசையாமல் இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபக்கம் போனது.

மேஸ்திரி இன்னொரு தடவை சுற்றினார். பிறகு கருவியை எடுத்து வைத்துவிட்டு மரப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார்.

"லேத்துக்காரன் அன்னிக்கு லீவு" என்றார் முதலாளியிடம். "அந்தம்மா வீட்டுலேர்ந்து அவசரப்படுத்துனாங்க. நானே கையால துளை போட்டேன். சரியா இருக்கும்னு நெனைச்சேன் முதலாளி."

முப்பது வருஷமாக நல்ல தொழில்காரர் என்று பேர் வாங்கிய மனிதர் அப்படித் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குமே கஷ்டமாக இருந்தது. பார்த்தது தெரியாமல் மேசைக்கு வந்துவிட்டேன்.

புதுத் தகடு லேத்தில் போட்டு வந்தது. ஐந்தாம் நாள் வண்டி தயார். அவர் வந்தார். மேஸ்திரி தானே பக்கத்தில் உட்கார்ந்து வல்லம் வரைக்கும் அவரை ஓட்டவைத்துக் கூட்டிவந்தார். கியர் தெறிக்காமல் நின்றது. சாவியைக் கையில் கொடுத்து முதலாளி, "மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க" என்றார்.

அவர் கிளம்பவில்லை. பையிலிருந்து அந்த நான்கு மடிப்புக் கடிதத்தை எடுத்தார்.

"இதுக்கு என்னங்க பண்றது?"

"அதைக் கிழிச்சுப் போடுங்க. வண்டிதான் சரியாயிடுச்சே."

"நான் கிழிச்சிடுவேன். உங்ககிட்ட ஒரு படி இருக்கும்ல?"

இருந்தது. நான்தான் கார்பன் வைத்து அடித்தேன். கோப்பில் கோத்து வைத்திருந்தேன்.

"நாளைக்கு இந்த வண்டி எங்கேயாவது ஒரசிடுச்சுன்னா, எவனாவது இந்தக் கடுதாசியைத் தேடி எடுத்து நீட்டுவான். ஓட்டத் தெரியாதவன்னு கடையே எழுதியிருக்குன்னு சொல்வான். டாக்ஸி பர்மிட் போயிடும். எழுத்துல இருக்கறதைத்தான் நம்புவாங்க சார். நின்னு உழுதவனை நம்பமாட்டாங்க. நான் பார்த்தாச்சு." அவர் முதலாளியைப் பார்த்துக் கையைக் கூப்பவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "தப்புன்னு எழுதிக் குடுங்க."

முதலாளி நெற்றியைத் தடவினார். "அப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"எல்லாரையும் பத்தி எனக்குத் தெரியாதுங்க. என்னைப் பத்தி எழுதினதைச் சொல்றேன்."

பட்டறைக்குள் ஏதோ இரும்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. முதலாளி என் பக்கம் திரும்பி, "ஒரு வரி போடும்மா. வண்டியைச் சரிபண்ணிக் குடுத்தாச்சுன்னு போடு" என்றார்.

நான் மூன்று வரி போட்டேன். 'மேற்படி வாகனத்தின் பழுதுக்கு, எங்கள் பட்டறையில் பொருத்திய தகடு நேராக அமையாததே காரணம். ஓட்டுநர் மீது எந்தக் குறையும் இல்லை. எங்கள் முந்தைய கடிதத்தில் அவ்வாறு எழுதியது தவறு.' தாளை உருவி முதலாளியிடம் கொடுத்தேன். படித்தார். பேனாவை எடுத்துக் கடைசி மூன்று சொற்களின் மேல் வைத்தார்.

"இது வேணுமா?"

"அது நான் எழுதினது முதலாளி. மேஸ்திரி சொன்னது வேற, நான் எழுதினது வேற. வண்டியைப் பார்க்காமலே எழுதினேன். அது தவறுதான்."

வேலை போய்விடும் என்று நினைத்தேன். முதலாளி மறுபடி ஒரு முறை படித்தார். பேனாவை அப்படியே நகர்த்திக் கீழே கொண்டுபோய்க் கையெழுத்துப் போட்டார். முத்திரையையும் அவரே எடுத்துக் குத்தினார். கார்க்காரர் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தார். கோப்பைக் கொண்டுவரச் சொல்லி, பழைய கடிதத்தின் படிக்கு மேலேயே புதிதின் படி கோக்கப்படுகிறதா என்று நின்று பார்த்தார்.

அந்த நேரத்தில் அந்தம்மாவும் வந்திருந்தார். ரசீது அவர் பேரில் இருந்ததால் வண்டியை ஒப்புக்கொண்டதாக அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு, "இனிமே ரசீதை இவர் பேருக்கே மாத்திக் குடுத்துடுங்க. அடுத்த தடவை யாரும் என்னைத் தேடி மாடி ஏற வேண்டாம்" என்றார்.

இவர் என்று அந்தம்மா சொன்னதை நான் கேட்டேன். கார்க்காரரும் கேட்டிருப்பார். வாசலில் காரின் பின்கதவைத் திறந்துபிடித்து, "வீட்டுல விட்டுட்டுப் போறேங்க" என்றார். அந்தம்மா காரை ஒரு தரம் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் பார்த்தார். "வேண்டாம். கடைத்தெருவுல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நடந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தம்மா திருப்பத்தில் மறையும்வரை இவர் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டுப் பிறகு சாத்தினார். அவர்கள் மறுபடி பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மேஸ்திரி மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. ஏதாவது கேட்டால் வேறு யாரிடமோ சொல்வதுபோல் சொல்வார். கைப்பழக்கக் குறை வாக்கியத்தை நான் அதன் பிறகு அடிக்கவில்லை. புகார் வந்தால், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி பார்த்தார், கேட்கவில்லை.

ஒரு நாள் கும்பகோணத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் அதே புகாரோடு வண்டியைக் கொண்டுவந்தார். மேஸ்திரி பின்கதவில் வந்து நின்று, "ஏம்மா, எழுதறவங்களும் வந்து உக்காந்து பார்க்கலாம்ல?" என்றார். மூன்று வாரத்தில் என்னிடம் நேராகப் பேசின முதல் பேச்சு. போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். ஜவுளிக்கடைக்காரர் ஓட்ட, மேஸ்திரி பக்கத்தில் இருக்க, அய்யம்பேட்டை வரைக்கும் போய் வந்தோம். போகிற வழியெல்லாம் அந்த மனிதர் கிளட்ச்சை விட்டுக் காலை எடுக்கவே இல்லை. இடது கை கியர் தண்டின்மேல் பூனை மாதிரி படுத்திருந்தது. மேஸ்திரி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

'கிளட்ச்சில் கால் வைத்தபடியும் கியர் தண்டில் கை வைத்தபடியும் ஓட்டுகிறீர்கள். எங்கள் மேஸ்திரியும் நானும் வண்டியில் இருந்து பார்த்தோம்' என்று எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் அவர் கடிதத்தோடு நேரே வந்து, நீ யார் என்னைச் சொல்ல என்று என் மேசையைத் தட்டிச் சண்டை போட்டார். அரை மணி நேரம் நடந்தது. முதலாளி டீ வாங்கி வரச் சொன்னார்.